புல்லட்டின் தலைக்குப் போகும் குழாய்

பழைய புல்லட்டின் வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து பார்த்தால், எஞ்சினின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சிலிண்டரை ஒட்டி மேலேறித் தலைக்குப் போவது தெரியும். மேலே போய் இரண்டாகப் பிரிந்து, உள்ளே காற்றை இழுக்கும் வால்வுப் பக்கம் ஒன்றும் புகையை வெளித்தள்ளும் வால்வுப் பக்கம் ஒன்றுமாக முடியும். வண்டியைத் துடைக்கும்போது துணி மாட்டுகிறதே என்பதைத் தவிர இந்தக் குழாயைப் பற்றிப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. அது கசிய ஆரம்பித்த பிறகுதான் நினைப்பார்கள். அப்போதும் பிரச்சினை குழாயில்தான் என்று யாரும் உடனே நம்புவதில்லை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று தலையைக் கழற்றிவிட்டு, மறுபடி பூட்டியதும் அதே இடம் ஈரமாக இருப்பதைப் பார்த்துத்தான் குழாயின் பக்கம் திரும்புவார்கள்.

கொத்தமங்கலம், கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் இந்தக் குழாயைப் புதிதாகச் செய்யும் வேலைக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். படைப்பு, கல்யாணம், கோயில் திருவிழா என்றால்தான் வீடு திறக்கும். முகப்பின் ஓரத்தில் சாக்குப் போர்த்தி நிறுத்திய அப்பச்சி காலத்துப் புல்லட்டும் அன்றைக்குத்தான் வெளியே வரும். மாதக்கணக்கில் நின்ற எஞ்சினில் மேலே இருந்த எண்ணெய் எல்லாம் வழிந்து கீழே இறங்கியிருக்கும். ஆயில் டேங்கில் இருக்க வேண்டிய எண்ணெயும் பம்பு வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கியிருக்கும். அந்த நிலையில் ஓங்கி ஒரு கிக் கொடுத்து ஸ்டார்ட் செய்தால், தலையில் உள்ள ராக்கர்கள் எண்ணெய் வந்து சேரும்வரை வறட்சியிலேயே உரசிக்கொண்டிருக்கும். அடைப்போ வெடிப்போ உள்ள குழாயாக இருந்தால் எண்ணெய் வந்தே சேராது. ஓட்டுபவருக்கு இது உடனே தெரியவும் தெரியாது. ராக்கர் புஷ் தேய்ந்து, தலையில் டக் டக் என்று சத்தம் கேட்கும்போது செலவு பெரிதாகியிருக்கும்.

புல்லட்டில் எண்ணெய் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக ஆயில் டேங்க் தொங்காது. எஞ்சின் வார்ப்பிலேயே கிராங்க் அறைக்குப் பின்னால் ஓர் அறையாக அது இருக்கும். ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். வலப்பக்க டைமிங் மூடிக்குள் இரண்டு சின்ன பிளஞ்சர் பம்புகள். கிராங்கின் முனையில் உள்ள புழுப் பல்லிலிருந்து அவற்றுக்குச் சுழற்சி கிடைக்கிறது. ஒன்று டேங்கிலிருந்து எண்ணெயை எடுத்து, வடிகட்டி வழியாகக் கிராங்கின் நடுத்துளைக்கு அனுப்பி, கனெக்டிங் ராடின் பெரிய முனைக்குக் கொடுக்கும். மற்றொன்று கிராங்க் அறையில் சொட்டித் தேங்குவதை எடுத்து டேங்குக்குத் திருப்பும். இந்த ஓட்டத்திலிருந்து ஒரு கிளை, நாம் பேசும் வெளிக்குழாய் வழியாகத் தலைக்கு ஏறுகிறது. ராக்கர்களை நனைத்தபின் அந்த எண்ணெய், புஷ்ராடுகள் ஏறி இறங்கும் துளைகள் வழியாகவே கீழே வடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, தலைக்குப் போகும் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு என்பதுதான். இன்றைய கார் எஞ்சினில் இருப்பதுபோல எண்ணெய் பீய்ச்சி அடிக்காது. ஊறி வழிவதுபோலத்தான் வரும். ஆகவே புதுக் குழாய் செய்யும்போது பட்டறையில் வழக்கமாக எழும் “பிரஷர் தாங்குமா அண்ணே?” என்ற கேள்வி கொஞ்சம் தப்பான இடத்தில் கேட்கப்படும் கேள்வி. கடையில் கிடைக்கும் எந்த உலோகக் குழாயும் அந்த அழுத்தத்தைத் தாங்கும். குழாயைக் கொல்வது அதிர்வு. பொருள் எது, பற்றவைப்பு எது, எங்கே வளைப்பது, எப்படிப் பூட்டுவது எல்லாமே அதிர்வை மனத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டியவை.

அதிர்வு ஏன் என்றால், இது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். 350 புல்லட்டில் 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்குகிறது. கொள்ளளவு 346 சி.சி. அந்தப் பிஸ்டனின் ஆட்டத்தைக் கிராங்கின் எதிர் எடையால் முழுக்கச் சமன் செய்ய முடியாது. மேல் கீழ் ஆட்டத்தை முழுதாக அடக்கப் போனால் முன் பின் ஆட்டம் வந்துவிடும். அதனால் பாதியளவில் சமரசம் செய்துகொண்டு மீதியை ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் வண்டியில் பூட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் விட்டுவிட்டார்கள். புல்லட்டின் ‘டப் டப்’பை ரசிப்பவர்கள் அதற்கான வாடகையை நட்டு போல்ட்டுகளிலும் குழாய்களிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எஞ்சினுக்கு ஊர் இங்கிலாந்தின் ரெடிட்ச். 1901-இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, புல்லட் என்ற பெயரை 1932-இலேயே வைத்துவிட்டது. நாம் அறிந்த உருவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இந்திய ராணுவத்துக்கு அந்த வண்டி பிடித்துப்போக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் கொண்டுவந்த பாகங்களைக் கோத்தார்கள். பிறகு கருவிகளும் அச்சுகளும் இங்கேயே வந்து, 1962 வாக்கில் எல்லாப் பாகமும் உள்ளூரில் தயாரானது. ரெடிட்ச் ஆலை 1967-இல் மூடிவிட்டது. 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டியே தயாராகவில்லை. திருவொற்றியூரோ 1977-இல் இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. வார்ப்பிரும்பு எஞ்சின் 2010-ஐ ஒட்டித்தான் நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் ஓடிய எஞ்சின் என்பதால், ரெடிட்சில் செய்த 1950-களின் வண்டிக்கும் இங்கே செய்த 1990-களின் வண்டிக்கும் குழாய் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். ‘ஏறக்குறைய’ என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இடையில் ஒரு சின்னச் செய்தி: அதே 1955-இல்தான், பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குழுமம் ஆவடியில் எஃகுக் குழாய்க்கென்றே டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது, அதுவும் ஓர் இங்கிலாந்து நிறுவனத்தின் கூட்டோடு.

சரி, எதில் செய்வது?

பார்த்தவுடன் எல்லோருக்கும் ஆசை வருவது செம்பில். ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் கடையில் சுருளாகக் கிடைக்கிறது. இரண்டு நூல், அதாவது கால் அங்குல, 6.35 மி.மீ. வெளிவிட்டம். கையாலேயே வளையும். மெருகேற்றிப் பூட்டினால் கறுத்த வார்ப்பிரும்பின் மேல் தகதகவென்று இருக்கும். எனக்கும் அந்த அழகு பிடிக்கும். ஆனாலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் அடி முதல் நுனிவரை செம்பால் ஆன குழாயை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மின்கம்பியிலிருந்து ஒரு செம்பு இழையை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் சில தடவை குழைவாக வளையும், பிறகு விறைக்கும், அப்புறம் பட்டென்று முறியும். குழாயிலும் இதுவே நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. எஃகுக்கு ஒரு சலுகை உண்டு: அழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடித் தடவை ஆட்டினாலும் களைப்பு வெடிப்பு வராது. செம்புக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சின்னச் சின்ன ஆட்டமும் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்து ஒரு நாள் வெடிக்கும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் செம்புக் குழாய்களை அவ்வப்போது கழற்றி, சூடேற்றி, விறைப்பை எடுத்துத் திரும்பப் பூட்டியதற்குக் காரணம் இதுதான். இன்று யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

எஃகுக்குப் போக வழி எளிது. கார்களின் பிரேக் லைனுக்கு வரும் எஃகுக் குழாய், தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி உள்ளுக்குள் செம்பால் பற்றவைத்தது, ஒன்றரை நூல், அதாவது 4.76 மி.மீ. அளவில் பிரேக் வேலைக் கடைகளில் கிடைக்கும். வளைக்கச் செம்பைவிடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், துருவும் பிடிக்கும்; ஆனால் அதிர்வைத் தாங்கும். பத்துப் பங்கில் ஒரு பங்கு நிக்கல் கலந்த செம்புக் குழாயைப் பிரேக்குக்கு இங்கிலாந்தில் பரவலாகப் போடுகிறார்கள். வளைக்கும் சுகம் செம்புபோல, உறுதி அதைவிட மேல், துருவும் இல்லை. நம் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அளவை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். பழைய குழாயை வெர்னியரில் வைத்து அளந்துகொள்ளுங்கள். குழாயைப் பெரிதாக்கினால் எண்ணெய் அதிகம் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. எவ்வளவு போகும் என்பதைக் குழாயின் அளவு தீர்மானிப்பதில்லை. முனைகளில் உள்ள போல்ட்டின் சிறு துளையும் ராக்கரின் இடைவெளியும்தான் தீர்மானிக்கின்றன. துளையைத் துரப்பணம் போட்டுப் பெரிதாக்குவது இன்னும் மோசம். வால்வு கைடுகளில் ஆயில் சீல் இல்லாத பழைய எஞ்சினில் தலைக்கு எண்ணெய் கூடினால், அது கைடு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி நீலப் புகையாக வெளியே வரும்.

இனி இணைப்பு. குழாயின் முனைகளில் மோதிரம் போன்ற ஒரு வளையம் இருக்கும். அதன் நடுவே, உள்ளே துளையிட்ட போல்ட் நுழைந்து பூட்டும். போல்ட்டின் பக்கவாட்டுத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகும். பாஞ்சோ என்பார்கள் இந்த அமைப்பை. வளையத்துக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். பழைய வளையங்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே கழற்றிப் பயன்படுத்துவது நல்லது. இல்லையென்றால் லேத் பட்டறையில் பித்தளை அறுகோணக் கம்பியிலிருந்து கடைந்துகொள்ளலாம். இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, கீறலில்லாமல் இருப்பதும், உட்புறம் எண்ணெய் சுற்றிவரப் பள்ளம் இருப்பதும் முக்கியம். நடுத்துளை போல்ட்டைவிடப் பெரிதாகிவிட்டால் வாஷர் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கசியும்.

வளையத்தைக் குழாயோடு எதைக் கொண்டு பற்றவைப்பது என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரேடியோக்காரர் பற்றவைக்கும் ஈயக் கலவை அதற்கும் கீழே, 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். எஞ்சின் தலையின் எண்ணெய் அந்தச் சூட்டுக்குப் போகாது என்று வாதிடலாம், சரிதான். ஆனால் எண்ணெயின் சூட்டுக்கு எக்ஸாஸ்ட் பக்கத்து உலோகத்தின் சூடு சேர்ந்து, அதன் மேல் ஓயாத அதிர்வும் சேரும்போது ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து விட்டுக்கொடுக்கும். வெள்ளி கலந்த பற்றவைப்புக் கம்பிதான் இதற்கு ஏற்றது, 600 டிகிரிக்கு மேல்தான் உருகும், பிடித்தால் பிடித்ததுதான்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொடுத்தால் தன்னிடமுள்ள பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியால் ஒரு நிமிடத்தில் பற்றவைத்துத் தந்துவிடுவார். செம்போடு செம்பைச் சேர்க்க அது அருமையான கம்பி, பற்றவைப்புப் பொடிகூடத் தேவையில்லை. எஃகு வளையத்துக்கு அதைப் போடவே கூடாது. பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து நொறுங்கும் தன்மையுள்ள ஒரு படலத்தை உண்டாக்கும். மேலே பளபளப்பாகத் தெரியும் இணைப்பு அதிர்வில் கண்ணாடிபோலப் பிளந்துவிடும். எஃகுக்கும் பித்தளைக்கும் வெள்ளிக் கம்பியும் அதற்குரிய பொடியும் வேண்டும். காரைக்குடிப் பொற்கொல்லர்களுக்கு வெங்காரம் வைத்து வெள்ளியால் ஊதுவது அன்றாட வேலை. லேத் பட்டறைக்காரரைவிட இந்தச் சின்ன இணைப்பை அவர்கள் சுத்தமாகச் செய்வார்கள் என்பது என் கணிப்பு. இரண்டு எச்சரிக்கை: மலிவான சில வெள்ளிக் கம்பிகளில் காட்மியம் இருக்கும், அதன் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும், காட்மியம் இல்லாததாகக் கேட்டு வாங்கி, திறந்த வெளியில் ஊத வேண்டும். இன்னொன்று, ஊதி முடித்ததும் வெங்காரம் கண்ணாடிச் செதிலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, குழாய்க்குள்ளும் ஒன்றும் மிஞ்சாமல் எடுக்காவிட்டால், பின்னால் உதிர்ந்து ராக்கருக்குள் போகும்.

வெடிப்பு எப்போதும் பற்றவைத்த இடத்தில் வராது, அதை ஒட்டி அரை அங்குலத்துக்குள் வரும். விறைப்பான வளையமும் ஆடக்கூடிய குழாயும் சந்திக்கும் எல்லை அது. பற்றவைத்த சூட்டில் குழாயும் அங்கே இளகியிருக்கும். பழைய குழாயைக் கழற்றும்போது வெடிப்பு எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால், புதியதில் அந்த முனைக்கு மேல் ஒரு சின்ன உறை சேர்த்துப் பற்றவைக்கலாம். ஆட்டம் ஒரே கோட்டில் குவியாமல் பரவிப்போகும்.

வளைப்பதற்கு முன் கட்டுக்கம்பியால் ஒரு மாதிரி செய்துகொள்ளுங்கள். எஞ்சினில் வைத்து, சிலிண்டரின் துடுப்புகளைத் தொடாமல், எக்ஸாஸ்ட் குழாயை விட்டு விலகி, பெட்ரோல் டேங்க் பூட்ட இடம் விட்டு வளைத்து, பிறகு குழாயை அந்த மாதிரிக்கு வளைக்க வேண்டும். ஹாக்சாவால் அறுப்பதைவிடக் குழாய் வெட்டும் சக்கரக் கருவி நல்லது. எதில் அறுத்தாலும் உள்விளிம்பின் பிசிறை எடுத்தாக வேண்டும். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணல் நிரப்பும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பெரிய சைலன்சர் குழாய்க்கு அது சரி. ஆயில் குழாய்க்கு வேண்டாம். ஒரு மணல் துகள் மிஞ்சினால் போதும். வெளியே மாட்டும் ஸ்பிரிங் போட்டோ, பள்ளமுள்ள சக்கரத்தைச் சுற்றியோ வளைத்தால் இந்த அளவுக் குழாய் நசுங்காது.

முடிந்த குழாயை எஞ்சினில் வைத்தால் எல்லா முனைகளும் தானாகத் துளைகளின் மேல் வந்து உட்கார வேண்டும். எல்லா போல்ட்டுகளும் விரலாலேயே சுழன்று இறங்க வேண்டும். ஒரு முனையைப் பூட்டிவிட்டு மறுமுனையை இழுத்துப் பிடித்துப் பூட்டினால், குழாய் பிறந்த நாளிலிருந்தே முறுக்கத்தில் இருக்கும். அதிர்வு மீதியைச் செய்து முடிக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சரி செய்தால் மற்ற குறைகள் பலவற்றை எஞ்சின் மன்னித்துவிடும்.

குரோம் அல்லது நிக்கல் பூச ஆசைப்பட்டால் பூசலாம். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பும் மின்முலாமும் அதன் ஆய்வுக்குரிய துறைகள். ஊருக்குப் பொருத்தமான ஆசைதான். முலாம் தொட்டியில் இறக்குமுன் குழாயின் வாய்களை மட்டும் அடைத்துவிடுங்கள். அமிலம் உள்ளே புகுந்து தங்கினால் பிறகு கழுவி எடுப்பது பாடு.

இப்போது ரப்பருக்கு வருவோம். பல பட்டறைகளில் முதலில் வரும் யோசனை, வெடித்த குழாயின் நடுப்பகுதியை வெட்டிவிட்டு ஹோஸ் போட்டுக் கிளிப் மாட்டுவது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். அதிர்வைப் பொறுத்தவரை இதுவே சரியான சிந்தனை. நடுவில் ஒரு மெத்தென்ற துண்டு இருந்தால் இரு முனைகளின் ஆட்டமும் அதிலேயே அடங்கிவிடும். தப்பு நடப்பது எந்த ஹோஸ் என்பதில். பெட்ரோல் டேங்குக்குப் போடும் பளிங்கு டியூபைச் சூடான எண்ணெயில் விட்டால் சில மாதங்களில் கட்டையாகிவிடும். கேஸ் அடுப்பு டியூப் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. பலர் அறியாதது பிரேக் ஹோஸ் பற்றியது: அதன் உள் ரப்பர் பெரும்பாலும் பிரேக் திரவத்துக்கென்று தேர்ந்தெடுத்த வகை, எஞ்சின் எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருத்து வழியையே அடைத்துக்கொள்ளும். வெளியே பார்க்க எந்தக் குறையும் தெரியாது. எண்ணெயைத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். டிராக்டருக்கும் ஜே.சி.பி.க்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடைகளில் கிடைக்கும் ஹோஸ்களின் உட்சுவர் பெரும்பாலும் அதுதான்; வழக்கமாக 100 டிகிரி வரைக்கும் வேலை செய்யும். நம் குழாய்க்குத் தேவையான அழுத்தத்தைப்போலப் பல மடங்கைத் தாங்கும் என்பதால் மிகச் சின்ன அளவே போதும். அதைவிடச் சூடு தாங்க வேண்டுமானால் டெஃப்லான் உட்குழாயும் வெளியே துருப்பிடிக்காத எஃகுப் பின்னலும் உள்ளது இருக்கிறது. பின்னல் உரசும் இடத்தில் பெயின்ட்டையும் அலுமினியத்தையும் அரம் போட்டதுபோலத் தேய்த்துவிடும் என்பதால் ரப்பர் பூசிய கிளிப்பில் பிடித்து நிறுத்த வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால்: இரு முனைகளிலும் எஃகுக் குழாய், நடுவில் விரல் நீளத்துக்கு நைட்ரைல் ஹோஸ், ஹோஸ் ஏறும் இடத்தில் குழாயில் ஒரு சின்ன வரம்பு. வரம்பு இல்லாவிட்டால் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் எண்ணெய் பட்ட ஹோஸ் நழுவும். அசலைப்போலவே தெரிய வேண்டும் என்று நினைக்கும் சேகரிப்பாளர்களுக்கு இது பிடிக்காது. ஓட்டுகிறவர்களுக்குப் பிடிக்கும்.

பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். அவற்றில் ஆயில் டேங்க் தனி. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து டேங்குக்கு ஒன்று என்று பெரிய குழாய்கள் போகும். எஞ்சினுக்குப் போகும் குழாய் பம்பு உறிஞ்சும் குழாய். மெத்தென்ற ஹோஸ் போட்டால் உறிஞ்சும்போது சப்பையாகும். கிளிப் தளர்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டுவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். சொட்டு இல்லையே என்று நிம்மதியாக இருக்கும்போது பெரிய முனை தேய்ந்துகொண்டிருக்கும். இரண்டு குழாய்களையும் மாற்றிப் பூட்டாமலிருக்க, கழற்றுமுன் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது எண்ணெய் இறங்காமலிருக்க எஞ்சினுக்குப் போகும் குழாயில் தண்ணீர்க் குழாயைப்போல ஒரு டேப் வைக்கும் வழக்கமும் உண்டு. அதைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்த கதைகள் எல்லா ஊரிலும் இருப்பதால் எனக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை.

மரை விஷயம். மேலே ‘ஏறக்குறைய’ என்றது இதற்காக. பிரிட்டிஷ் எஞ்சின்களின் மரை மெட்ரிக் அல்ல. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரைக்குக் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்குக்கு 60. சைக்கிள் வகை மரை 60 டிகிரிதான், ஆனால் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. விட்டம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் மெட்ரிக் போல்ட் இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும். இன்னும் ஒரு திருகு கொடுத்தால் அலுமினிய மூடியின் மரை போய்விடும். வெவ்வேறு ஆண்டு வண்டிகளில் போல்ட் வேறாகவும் இருக்கலாம், முந்தைய உரிமையாளர் ஏதாவது மாற்றியுமிருக்கலாம். மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்துவிட்டு, பழைய போல்ட்டையே மாதிரியாகக் கடைக்குக் கொண்டுபோவது உத்தமம்.

வாஷர் செம்பாக இருந்தால் பழையதைக்கூட மறுபடி போடலாம், சிவக்கச் சூடேற்றி விறைப்பை எடுத்தபின். எஃகைப்போலச் செம்பு தண்ணீரில் நனைத்தால் கடினமாகாது. நனைக்கலாம், ஆறவும் விடலாம். மேலே படிந்த கறுப்பை மட்டும் நுண்ணிய எமரித் தாளில் தேய்த்துவிட வேண்டும். கசிகிறதே என்று வெள்ளை டெஃப்லான் டேப்பையோ சிலிக்கான் பசையையோ இந்த போல்ட்டில் சுற்றாதீர்கள். பிளம்பருக்கு அது நல்ல பழக்கம். இங்கே ஒரு துணுக்கு பிய்ந்து அந்தச் சிறு துளையில் போய் உட்கார்ந்தால் ஒரு ராக்கருக்கு எண்ணெய் நின்றுவிடும். துளையிட்ட போல்ட் உள்ளே வெற்றாக இருப்பதால் நீண்ட ஸ்பானரால் இறுக்கினால் முறிந்தே போகும். மணிக்கட்டின் பலம் போதும்.

பூட்டுமுன் ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் மண்ணெண்ணெய் விட்டு அலசி, கம்ப்ரெஸ்ஸர் காற்றில் இரு திசையிலும் ஊதிவிடுங்கள். செம்மண் புழுதி அடங்காத ஊர் இது. போல்ட்டைத் திறக்குமுன்பே எஞ்சினின் அந்தப் பக்கத்தைத் துடைத்து, திறந்த துளைகளில் சுத்தமான துணித்திரி செருகிவைக்க வேண்டும். திரியை எடுக்க மறக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ராக்கர் மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். நெடுநாள் நின்ற வண்டி என்றால் குழாய் புதிதாக இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். டிகம்ப்ரெஸ்ஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு, சாவி போடாமல், பத்து இருபது கிக் மெதுவாகக் கொடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, மேலே உள்ள போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினால் வாஷர் ஓரத்தில் எண்ணெய் ஊற வேண்டும். குளிர்ந்த எண்ணெய் ஏறிவரக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு நிமிடம் கழித்தும் வரவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, எதிர்முனையிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, மறுபடி மெதுவாகக் கிக் கொடுத்து, எதுவரை வருகிறது என்று பாருங்கள். கீழ் போல்ட்டிலேயே வரவில்லை என்றால் குற்றம் குழாயில் இல்லை. பம்பிலோ வடிகட்டியிலோ இருக்கிறது. இரண்டு தலை முனைகளில் ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கிளையில் பற்றவைத்த பொடி எங்காவது அடைத்திருக்கும். ஊறியதும் இறுக்கித் துடைத்துவிட்டு, முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் முழுக்க ஆறியபின் வாஷர்கள் படிந்த அளவுக்கு எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு தடவை இறுக்கிக்கொள்ள வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கினால் அலுமினிய மரைதான் முதலில் போகும்.